விக்டோரியா ராணியின் பிள்ளைகளுக்குக் கட்டிய மரக்கட்டை வீடு: அசலா, அலங்காரமா?

கேள்வி இது: இங்கிலாந்தின் வைட் தீவில், ஆஸ்பர்ன் மாளிகைத் தோட்டத்துக்குள் இருக்கும் சுவிஸ் காட்டேஜ், சுவிட்சர்லாந்திலிருந்து பிரித்து எடுத்து வந்து மாட்டிய நிஜ வீடா, இல்லை அந்த ஊர் பாணியில் செய்த வெறும் அலங்காரமா? அதோடு, பிள்ளைகள் விளையாட இவ்வளவு பெரிய வீடு எதற்கு?

இரண்டாவது கேள்வியிலிருந்து தொடங்குகிறேன். அதற்குப் பதில் கிடைத்தால் முதல் கேள்வியைப் பாதி கடந்துவிடலாம்.

விக்டோரியாவும் அவர் கணவர் ஆல்பர்ட்டும் ஆஸ்பர்ன் எஸ்டேட்டை 1845இல் வாங்கினார்கள். பழைய வீட்டை ஓரங்கட்டிவிட்டு, லண்டனின் பெரிய கட்டட ஒப்பந்தக்காரர் தாமஸ் கியூபிட்டைக் கூப்பிட்டு, ஆல்பர்ட்டே கூட உட்கார்ந்து திட்டம் போட்டு, இத்தாலிய பாணியில் இரண்டு கோபுரங்களோடு ஒரு மாளிகை எழுப்பினார்கள். 1851 வாக்கில் வேலை முடிந்தது. பளிச்சென்று வெளிர் நிறத்தில், கடலைப் பார்த்தபடி நிற்கிற கட்டடம் அது. அங்கிருந்து கிழக்கே மரங்களுக்கு நடுவே ஏறக்குறைய முக்கால் கிலோமீட்டர் நடந்தால், கருப்புக்கு நெருங்கிய பழுப்பு நிறத்தில், கட்டைகளைக் கிடையாக அடுக்கிய சுவரும் சுற்றிலும் பால்கனியும் முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கூரையுமாக இன்னொரு வீடு நிற்கிறது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் ஒரே ஆள் என்று சொன்னால் நம்புவது கொஞ்சம் கஷ்டம்.

ஆல்பர்ட்டின் பிள்ளைப் பருவத்தைப் பார்த்தால் இது புரியும். ஜெர்மனியில் கோபுர்க் நகரத்துக்குப் பக்கத்தில் ரோசனாவ் என்ற சிறிய கோட்டைமாளிகையில் வளர்ந்தவர். அண்ணன் எர்ன்ஸ்டும் இவரும் அங்கே தோட்டம் போட்டார்கள், கல், பூச்சி, பறவை என்று கண்ணில் பட்டதையெல்லாம் சேகரித்து ஒரு குட்டி அருங்காட்சியகமே வைத்திருந்தார்கள். தான் அனுபவித்ததைத் தன் பிள்ளைகளுக்கும் கொடுக்க நினைத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆஸ்பர்னில் முதலில் வந்தது வீடு அல்ல, பிள்ளைகளின் தோட்டப் பாத்திகள். வீடு அதற்குப் பிறகு வந்தது. அடிக்கல் 1853 மே 5 அன்று; பிள்ளைகளையே நட வைத்தார்கள். மறு வருடம் மே 24, ராணியின் பிறந்தநாளன்று, வீடு பிள்ளைகள் கைக்கு வந்தது.

ஏன் சுவிஸ்? ஆல்பர்ட் 1837இல், கல்யாணத்துக்கு முன்பே, சுவிட்சர்லாந்தைச் சுற்றிப் பார்த்தவர். அங்கே ரிகி மலையில் பறித்த ஒரு பூவைப் பாடம் பண்ணி, ஊர்ப் படங்களோடு ஓர் ஆல்பத்தில் வைத்து விக்டோரியாவுக்கு அனுப்பியிருக்கிறார். விக்டோரியா சுவிட்சர்லாந்தில் கால் வைத்தது 1868இல்தான், ஆல்பர்ட் இறந்து ஏழு வருடம் கழித்து. அதாவது சொந்தத் தோட்டத்தில் ஒரு சுவிஸ் வீடு நின்று பதினான்கு வருடம் ஆன பிறகுதான் அவர் அசல் சுவிஸ் வீட்டையே பார்த்தார். இந்தக் கட்டடத்தைப் பற்றி யோசிக்கும்போதெல்லாம் எனக்கு முதலில் ஞாபகம் வருவது இந்தக் கணக்குதான்.

ஆனால் இது ஆல்பர்ட்டின் சொந்தக் கற்பனை என்று நினைத்துவிடக் கூடாது. பி. எஃப். ராபின்சன் என்ற கட்டடக்கலைஞர் 1820களிலேயே இப்படிப்பட்ட கிராமத்து வீடுகளின் மாதிரி வரைபடங்களைப் புத்தகமாகப் போட்டுவிட்டார். வேல்ஸில் ஸ்வான்சியின் சிங்கிள்டன் பூங்காவில் அவர் 1826இல் கட்டிய சுவிஸ் காட்டேஜ் இன்றும் இருக்கிறது. லண்டனில் சுவிஸ் காட்டேஜ் என்றே ஒரு பகுதி உண்டு, ரயில் நிலையம் உட்பட. அந்தப் பெயர், இந்தப் பாணியில் அங்கே கட்டிய ஒரு மதுக்கடையிலிருந்து வந்தது. ஆக ஆல்பர்ட் கட்டும்போது இந்த மோகத்துக்கு வயது முப்பதைத் தொட்டுக்கொண்டிருந்தது. பணக்காரர்கள் தோட்டத்து மூலையில் இப்படி ஒன்றைக் கட்டி, நடைபோகும்போது உட்கார்ந்து தேநீர் குடித்துவிட்டுப் போவார்கள். ஆஸ்பர்ன் வீட்டுக்கு மட்டும் தினசரி வேலை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

சரி, கட்டுமானம். ஆல்ப்ஸ் மலை வீட்டில் ‘அழகு’ என்று நாம் சொல்கிற ஒவ்வொன்றும் முதலில் ஒரு தேவைக்காக வந்தது. ஆகவே ஆஸ்பர்ன் வீட்டைப் பார்க்கும்போது ஒவ்வோர் உறுப்பையும் நிறுத்தி வைத்து, மலையில் உனக்கு என்ன வேலை, இந்தத் தீவில் உனக்கு என்ன வேலை என்று கேட்டுப் பார்ப்பது நல்லது. சிலவற்றுக்கு இங்கேயும் வேலை இருக்கிறது, சிலவற்றுக்குத் துளியும் இல்லை.

கூரைமேல் கற்கள் வைத்திருக்கிறார்கள், கவனித்திருப்பீர்கள். ஆல்ப்ஸில் கூரை வேய்வது மரத்தைப் பிளந்து எடுத்த சில்லுகளால். ஆணி என்பது கொல்லர் ஒவ்வொன்றாக அடித்துக் கொடுக்க வேண்டிய விலை உயர்ந்த பொருளாக இருந்த காலத்தில், சில்லுகளை அடுக்கி, குறுக்கே கழி வைத்து, கழிமேல் கல்லை ஏற்றிவிடுவார்கள். காற்று தூக்காது. சில்லு உளுத்துப்போனால் கல்லை நகர்த்தி மாற்றிக்கொள்ளலாம். கல் உருளாமல் நிற்க வேண்டுமென்றால் கூரை சரிவு குறைவாக இருக்க வேண்டும். சரிவு குறைந்தால் பனி வழுக்கி விழாமல் அங்கேயே தங்கும். தங்கிய பனி குளிருக்குப் போர்வையாகிவிடும். ஆனால் அந்தப் பனியின் எடையைத் தாங்க உத்தரம் கனமாக வேண்டும். இப்படி ஒன்றைத் தொட்டால் இன்னொன்று நகரும் ஓர் ஏற்பாடு அது. வைட் தீவு இங்கிலாந்தின் தென்கோடியில், கடல் காற்றில் மிதமாக இருக்கும் இடம். கூரையில் மாதக்கணக்கில் பனி தங்குகிற ஊரே இல்லை. ஆகவே அங்கே கூரைமேல் இருக்கிற கல் முழுக்க முழுக்க நடிப்பு. எனக்கு அதில் குறையொன்றும் தெரியவில்லை, ஆனால் நடிப்பு என்று தெரிந்து பார்க்க வேண்டும்.

இறவாணம், அதாவது சுவரைத் தாண்டி நீளும் கூரை விளிம்பு, அப்படி இல்லை. மரச் சுவருக்கு எமன் மழை. கட்டையின் முனையில் நார்கள் வெட்டுப்பட்டுத் திறந்திருக்கும், தண்ணீரை உறிஞ்சும், உளுக்கும். அதனால் கூரையைச் சுவருக்கு வெளியே நிறைய நீட்டி விடுவார்கள். மழை அதிகம் பெய்கிற இங்கிலாந்தில் இந்த நீட்டலுக்கு மலையில் இருந்த அதே வேலை இருக்கிறது. சுவரின் அடிக்கட்டை ஈர மண்ணில் படாமல் அடியில் கல் அடித்தளம் வைப்பதும் அதே காரணத்துக்காகத்தான். மர வீட்டுக்கு நல்ல தொப்பியும் நல்ல செருப்பும் இருந்தால் போதும் என்பார்களே, அதன் பொருள் இதுதான்.

பால்கனிக்கு வருவோம். ஆல்ப்ஸில் அது காட்சி பார்க்க அல்ல. அறுத்த கதிர், பயறு, மூலிகை, துவைத்த துணி எல்லாம் காய்வது அங்கேதான். வெயில் விழும், கூரை மழையைத் தடுக்கும், காற்று ஓடும். வெளிப்பக்கப் படிக்கட்டும் அப்படித்தான்: கீழ்த்தளத்தில் பண்டம், சில பகுதிகளில் மாடு, மேலே மனிதர்; உள்ளே படி வைத்து இடத்தையும் சூட்டையும் வீணாக்க வேண்டாம். ஆஸ்பர்னில் இந்த இரண்டுமே இருக்கின்றன. ஆனால் பால்கனியில் காய்வதற்கு ஒன்றுமில்லை; நின்று கீழே தோட்டத்தில் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்கலாம். வெளிப்படிக்குத் தற்செயலாகவோ யோசித்தோ நல்ல புது வேலை கிடைத்துவிட்டது. கீழே சமையலறையும் வீட்டைப் பார்த்துக்கொள்பவரின் இடமும், மேலே விருந்தினர் உட்காரும் அறைகளும். விருந்தினர் என்றால் ராணியும் ராஜகுடும்பமும்தான். கீழே மாவும் புகையுமாகப் பிள்ளைகள் அலங்கோலம் பண்ணிக்கொண்டிருந்தாலும், அம்மா வெளிப்படி வழியாக நேராக மேலே போய் உட்கார்ந்துவிடலாம்.

இப்போது மரக்கட்டைச் சுவர். இதில்தான் தச்சு வேலையின் சாரம் இருக்கிறது, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். தூண் நிறுத்தி இடையில் பலகை அடிக்கிற வீடு வேறு, கட்டையைக் கிடையாகப் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றுகிற வீடு வேறு. இரண்டாவது வகையில் சுவரே தூண். மூலையில் இரண்டு சுவரும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வொரு கட்டையிலும் மேலும் கீழும் காடி (பள்ளம்) வெட்டி, ஒன்றை மற்றொன்று கவ்விக்கொள்ளும்படி மாற்றி மாற்றி அடுக்குவார்கள். காடியை முனையிலேயே வெட்டினால் கவ்வுகிற உதடு பிளந்துவிடும். அதனால் காடிக்கு அப்பால் ஒரு சாணோ அதற்கு மேலோ கட்டை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். மூலையில் வரிசையாகத் துருத்திக்கொண்டு நிற்கும் அந்தக் கட்டை முனைகள்தான் தூரத்திலிருந்தே ‘இது சுவிஸ் வீடு’ என்று காட்டிக்கொடுப்பவை. கட்டைகளுக்கு நடுவே மரக்குச்சி ஆப்பு, இடுக்கில் பாசி. சுவருக்கு ஆணியே தேவைப்படாது.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மரம் காயும்போது நீளவாக்கில் ஏறக்குறைய சுருங்காது, குறுக்குவாக்கில்தான் சுருங்கும். கட்டைகள் படுத்துக் கிடப்பதால் சுவரின் உயரம் முழுவதுமே குறுக்குவாக்கு. பச்சை மரத்தில் ஓர் ஆள் உயரத்துக்கு மேல் சுவர் எழுப்பினால், முதல் சில வருடங்களில் அது சில அங்குலம் கீழே இறங்கும். ஜன்னல் சட்டத்தைச் சுவரோடு இறுக்கி அறைந்தால் என்ன ஆகும்? சுவர் இறங்கப் பார்க்கும், சட்டம் செங்குத்தாக நிற்பதால் இறங்காது, மேல் கட்டை அதன்மேல் உட்கார்ந்துவிடும், அதற்கு இரண்டு பக்கமும் இடைவெளி விழும். ஆகவே தெரிந்த தச்சர் ஜன்னலுக்கும் கதவுக்கும் மேலே இடம் விட்டு, அதை ஒரு பலகையால் மறைத்து, பக்கச் சட்டத்தில் பள்ளம் வெட்டிக் கட்டை முனைகள் அதற்குள் வழுக்கி இறங்கும்படி செய்வார். ஜன்னலைச் சுற்றி அகலமான, செதுக்கு வேலை செய்த சட்டம் வந்தது வெறும் சிங்காரத்துக்கு இல்லை.

இதோடு உங்கள் முதல் கேள்வி வந்து சேருகிறது. இந்த மாதிரி வீடு பிரித்து மாட்ட ஏற்றது. கட்டைக்கு ஓர் எண் போட்டு, மேலிருந்து கழற்றி, வண்டியில் ஏற்றி, அதே எண் வரிசையில் திரும்ப அடுக்கலாம். ஜெர்மானியப் பழைய சட்டத்தில் தீ தின்னக்கூடியது எல்லாம் அசையும் சொத்து என்று ஒரு சொலவடையே உண்டு. மர வீடு நிலத்தோடு சேர்ந்ததாகக் கணக்கில்லை, தட்டுமுட்டுச் சாமான் மாதிரிதான். ஆகவே ‘சுவிட்சர்லாந்திலிருந்து துண்டு துண்டாக வந்தது’ என்ற கதை ஆஸ்பர்ன் வீட்டைச் சுற்றி ரொம்ப நாளாக ஓடுவதில் ஆச்சரியம் இல்லை. பல கட்டுரைகளில் அதை அப்படியே எழுதியும் இருக்கிறார்கள். எஸ்டேட்டிலேயே, அந்த ஊர்த் தச்சர்களைக் கொண்டு கட்டியது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். என் மனம் இந்த இரண்டாவது பக்கம் சாய்கிறது. தன் எஸ்டேட்டிலேயே வருடக்கணக்கில் கட்டட வேலை நடத்திக்கொண்டிருந்த ஆள் ஆல்பர்ட். கையில் தச்சர்கள், மரம், மேஸ்திரி எல்லாம் இருந்தன. பிள்ளைகளை வைத்து அடிக்கல் நட்டுவிட்டு ஒரு வருடம் எடுத்துக்கொண்டு கட்டியதும், பெட்டியில் வந்த வீட்டின் கதை போல இல்லை.

பெட்டியில் வந்த வீடு எப்படி இருக்கும் என்பதற்கு நல்ல சாட்சி வேறு இடத்தில் இருக்கிறது. எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்சுக்கு அவருடைய நடிகர் நண்பர் சார்லஸ் ஃபெக்டர் 1864 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஒரு சுவிஸ் மர வீட்டையே பரிசாக அனுப்பினார். 94 துண்டுகள், 58 பெட்டிகள். கென்ட்டில் டிக்கன்ஸின் வீட்டுக்கு எதிரே சாலைக்கு அந்தப் பக்கம் அதை மாட்டினார்கள். மேல்மாடியில் உட்கார்ந்துதான் அவர் கடைசி வருடங்களில் எழுதினார், 1870இல் இறப்பதற்கு முந்தைய நாள் வரைக்கும். இப்போது அது ராச்செஸ்டர் நகரத்தில் இருக்கிறது. பிரித்து இடம் மாற்றலாம் என்பதை அதுவே நிரூபித்துவிட்டது. ஆனால் அது ஓர் ஆள் உட்கார்ந்து எழுதுவதற்கான சின்னக் கூடு. ஆஸ்பர்ன் வீடு ஒரு வேலைக்காரக் குடும்பமே தங்கக்கூடிய அளவு.

இன்னொரு அலங்காரம், எனக்கு மிகவும் பிடித்தது: வெளிச்சுவரில் செதுக்கிய எழுத்து. சுவிட்சர்லாந்தின் பெர்ன் மலைப் பக்கத்து வீடுகளில் முகப்புக் கட்டையில் கட்டிய வருடம், வீட்டுக்காரர் பெயர், தச்சர் பெயர், ஒரு பைபிள் வசனம் என்று நீளமாகச் செதுக்கி வைப்பார்கள். நம் ஊரில் வீட்டு நெற்றியில் வருடமும் பெயரும் சிமெண்டில் பதிப்பதைப் போலத்தான் என்று வையுங்கள். ஆஸ்பர்னிலும் சங்கீதங்களிலிருந்தும் நீதிமொழிகளிலிருந்தும் எடுத்த வரிகள் இருக்கின்றன, ஜெர்மன் மொழியில். இது இங்கிலாந்து ராணியின் தோட்டம் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அரசியல் வட்டாரத்தில் ‘ஜெர்மன்காரர்’ என்று சதா குறை கேட்டுக்கொண்டிருந்த ஆல்பர்ட், மாளிகையில் செய்ய முடியாததைப் பிள்ளைகளின் மர வீட்டில் செய்திருக்கிறார். கூரைக் கல் நடிப்பு என்றால், இந்த எழுத்து நடிப்பு இல்லை. அந்த வீட்டில் வளர்ந்த பிள்ளைகள் ஜெர்மன் படித்தார்கள், பேசினார்கள். மூத்தவள் விக்கி 1858இல் ஜெர்மன் பேசும் பிரஷ்ய நாட்டு இளவரசனைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு அந்த நாட்டுக்கே போனாள்.

அளவு விஷயத்தில் பலரும் குழம்புகிறார்கள். விளையாட்டு வீடு என்றாலே எல்லாவற்றையும் சுருக்கிக் கட்டியிருப்பார்கள் என்று எதிர்பார்க்கிறோம். அப்படி ஒன்றும் அரச குடும்பத்திடம் உண்டு: 1932இல் வேல்ஸ் மக்கள் இளவரசி எலிசபெத்தின் ஆறாவது பிறந்தநாளுக்குக் கொடுத்த குட்டி ஓலைக்கூரை வீடு, வின்சரில் ராயல் லாட்ஜ் தோட்டத்தில் இருக்கிறது. அதில் அறைகளின் உயரமே ஐந்தடி அளவுதான், பெரியவர்கள் குனிந்துதான் நடமாட வேண்டும். ஆஸ்பர்னில் ஆல்பர்ட் செய்தது இதற்கு நேர் எதிர். வீட்டைப் பெரியவர்கள் அளவில் விட்டுவிட்டு, சமையலறைச் சாமானையும் அடுப்பையும் பிள்ளைகள் உயரத்துக்கு இறக்கினார். பார்வைக்குப் பொம்மை போல இருந்தாலும் அடுப்பு எரிந்தது, பண்டம் வெந்தது. இளவரசிகள் அதில் கேக் செய்து, ராணியைத் தேநீருக்குக் கூப்பிட்டு, மேல்மாடியில் உட்கார வைத்துப் பரிமாறினார்கள். கட்டடக்கலையாகப் பார்த்தால் இது நல்ல முடிவு. பிள்ளைகள் நாலு வருடத்தில் வளர்ந்துவிடுவார்கள். அடுப்பை மாற்றலாம், கூரையை உயர்த்த முடியாது. அடிக்கல் நட்டபோது மூத்தவளுக்கு வயது 12, கடைசிப் பையன் லியோபோல்ட் பிறந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஒன்பதாவது குழந்தை பீட்ரிஸ் பிறந்ததே 1857இல். இத்தனை வயதுக்கும் ஒரே அளவில் குட்டி வீடு கட்டவே முடியாது.

தோட்டத்தையும் சேர்த்துப் பார்க்காவிட்டால் வீடு பாதிதான் புரியும். ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனிப் பாத்தி, அதில் காய்கறி, பழம், பூ. அவரவர் பெயரின் முதலெழுத்து போட்ட மண்வெட்டி, தள்ளுவண்டி; அந்தத் தள்ளுவண்டிகள் இன்னமும் வரிசையாக நிற்கின்றன. விளைந்ததை அப்பாவிடம் விற்கலாம், சந்தை விலைக்கு அவர் வாங்கிக்கொள்வார். விளைந்தது சமையலறைக்குப் போகும், சமைத்தது மேல்மாடிக்குப் போகும். கட்டடத்தின் கீழ்த்தளம், வெளிப்படி, மேல்தளம் என்ற அமைப்பே இந்த ஓட்டத்துக்கு ஏற்ற மாதிரி இருக்கிறது. ஆல்ப்ஸ் விவசாயி வீட்டிலும் இதே ஓட்டம்தான். கூரைமேல் கல்லை ஏற்றியதைவிட, இந்த விஷயத்தில்தான் ஆல்பர்ட் அசலுக்குக் கிட்டப் போனார் என்பது என் கருத்து. ராஜா வீட்டுப் பிள்ளைகள் ஏழை விவசாயி வேஷம் கட்டுவதில் ஒரு நெருடல் இருக்கத்தான் செய்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் வேஷத்தோடு கையில் மண்ணும் ஒட்டியது.

பக்கத்தில் இன்னும் இரண்டு விஷயம். 1856இல் இளவரசன் ஆர்தருக்காக விக்டோரியா கோட்டை என்று ஒரு குட்டி மண் கோட்டை எழுந்தது, 1860 வாக்கில் அதற்குள் ஆல்பர்ட் படைவீடு என்று செங்கலில் ஒரு குட்டிக் கட்டடம், தூக்குப் பாலத்தோடு. ஆர்தர் பிற்பாடு நிஜமாகவே ராணுவத்தில் ஃபீல்ட் மார்ஷல் ஆனார். அப்புறம் அருங்காட்சியகம்: பிள்ளைகள் சேர்த்த கல்லும் கிளிஞ்சலும், நாலு பக்கமிருந்தும் வந்த பரிசுகளும் காட்டேஜுக்குள் அடங்காமல் போகவே, 1862இல், ஆல்பர்ட் இறந்து சில மாதங்களில், அதே பாணியில் தனியாக ஒன்று கட்டினார்கள். ஐந்து கால் உள்ள மான் ஒன்றின் பாடம் செய்த உடல்கூட அதற்குள் இருக்கிறது, சிறுவர்கள் முதலில் ஓடுவது அதைப் பார்க்கத்தான். கட்டடக்கலைக் கண்ணோடு பார்த்தால், இந்த இரண்டாவது மர வீடு ஆல்ப்ஸைப் பார்த்து எழுந்தது இல்லை, பக்கத்து வீட்டைப் பார்த்து எழுந்தது.

ஆகவே அசலா அலங்காரமா என்று ஒரே வார்த்தையில் கேட்டால், உறுப்புக்கு உறுப்பு பதில் மாறும். கூரைக் கல் அலங்காரம், இறவாணமும் கல் அடித்தளமும் அசல் தேவை, பால்கனி பாதிக்குப் பாதி, எழுத்து அந்தக் குடும்பத்தின் சொந்தக் குரல், சமையலறை நூற்றுக்கு நூறு நிஜம். நேரில் போகிறவர்களுக்கு ஒரு யோசனை: பெரும்பாலானவர்கள் மாளிகையை முதலில் சுற்றிவிட்டு, கால் வலித்து, சுவிஸ் காட்டேஜைக் கடைசியில் அவசரமாக எட்டிப் பார்க்கிறார்கள். திருப்பிச் செய்யுங்கள். முதலில் இங்கே வந்து, உள்ளே நுழையாமல் வெளியே ஒரு சுற்று வந்து, மூலைகளில் நீட்டி நிற்கும் கட்டை முனைகளையும் இறவாணத்தின் அடிப்பக்கத்தையும் பாருங்கள். அதன் பிறகு சமையலறைக்குள் போய் அடுப்பின் உயரத்தை உங்கள் முழங்காலோடும் இடுப்போடும் வைத்துப் பாருங்கள். மாளிகையை மத்தியானத்துக்கு வைத்துக்கொள்ளலாம்.